டிலானியின் பூனையும் என் அடுப்படியும்

தம்பி,

ஃபோனில் உன்னோடு பேச உட்கார்ந்தால் மழை, வெயில், ரோட்டில் கார் நெரிசல் என்று ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டு, பேச வந்ததைப் பேசாமலே வைத்துவிடுகிறேன். உன் அப்பா என் முகத்தைப் பார்த்து, "இன்னைக்கும் சொல்லலியா?" என்கிறார். அவருக்கென்ன, கேட்பதோடு அவர் வேலை முடிந்தது. அதனால் எழுதுகிறேன். பத்து வயதில் இந்த நாட்டுக்கு வந்தும் தமிழ் மறக்கவில்லை என்று பீற்றிக்கொள்வாயே, இப்போது படி. எங்கேயாவது திக்கினால் உன் பெண்டாட்டியிடம் கேள். டிலானி உன்னைவிட நன்றாகத் தமிழ் படிப்பாள்.

உன் செய்தி கிடைத்தது. அடுத்த மாதம் பெர்த்திலிருந்து ஒரு வாரம் வருகிறீர்கள். இதே ஊரின் மறுகோடியில், ஒடாஹுஹுவில், டிலானியின் அம்மா வீட்டில் தங்குகிறீர்கள். எங்களிடம் விட்டுப்போன பூனைக்கு இனி அதிக நாள் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டதால் டிலானி அதை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்கிறாள். அப்பா கூடையில் வைத்துக் கொண்டுவந்து காட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறாய். அவ்வளவுதான். கிளென்ஃபீல்டில் நீ வளர்ந்த வீட்டுக்கு வருவதாக ஒரு வரி இல்லை. கண்ணில் படாமல் விட்டுவிட்டேனோ என்று திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். கோபம் வந்தது. என் புத்தி உனக்குத் தெரியும், எதற்கும் முதலில் கோபம்தான் வரும். அதற்குள் நெத்தலிக்கு மாத்திரை கொடுக்கும் நேரமாகிவிட்டது, எழுந்து போய்விட்டேன்.

நெத்தலி என்று எழுதியிருக்கிறேன், கவனித்தாயா? ஒடாஹுஹுவில் மீன் கடைக்குப் பின்னால், குப்பைத்தொட்டிப் பக்கம் ஒரு காது கிழிந்து கிடந்த குட்டியை, உன்னைத் தெரியுமுன்பே பள்ளிக்கூட நாளில் தூக்கிவந்து டிலானி வைத்த பெயர் அது. எலும்பும் தோலுமாக இருந்ததாம், அதனால் அந்தப் பெயராம். மீன் பெயரை நாள் முழுக்க என் வீட்டில் கூப்பிடுவதா என்று நான் 'பாப்பா' என்று மாற்றிக் கூப்பிட்டேன். அது திரும்பியே பார்க்காது. மிருக டாக்டரிடம் முதல் முறை போனபோது வரவேற்பில் இருந்த பெண் பெயரைக் கேட்டாள். பாப்பா என்றேன். கம்ப்யூட்டரில் டிலானி பெயரில் அப்படி ஒரு பூனை இல்லை என்றாள். அப்பா மெதுவாக, "நெத்தலின்னு சொல்லு" என்றார். சொன்னேன். கூடைக்குள் இருந்து உடனே ஒரு சத்தம் கொடுத்தது. அன்றிலிருந்து நெத்தலிதான்.

நடந்தது உனக்குத் தெரியாததில்லை. பாதியில் நீயும் நின்றுகொண்டிருந்தாய். ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து அது எப்படித் தெரிந்தது என்று நாம் பேசிக்கொண்டதே இல்லை. நீ டிலானியை முதல்முதலாக அழைத்து வந்த நாளை நினைத்துப் பார். சொல்லாமல் கொள்ளாமல் அழைத்து வந்தாய். அவள் முதியோர் ரெஸ்ட்ஹோமில் நர்ஸ் வேலை முடிந்து, சீருடை மாற்றாமல், பசியோடு வந்திருந்தாள். நான் சாப்பிடச் சொன்னேன். வேலையில் சாப்பிட நேரம் கிடைக்காத சாப்பாடு பையில் இருக்கிறது, வீணாகிவிடும் என்று டப்பாவை எடுத்தாள். "இதை மைக்ரோவேவ்ல ஒருக்காச் சூடாக்கலாமோ, அன்ரி?" என்றாள். என்ன சாப்பாடு என்று கேட்டேன். "புட்டும் மீன் குழம்பும்." கடலோரத்து மன்னார்க்காரப் பெண், வேறு என்ன கொண்டு வருவாள்?

நான் கத்தவில்லை. அதுதான் எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. சிரித்துக்கொண்டே, "தப்பா எடுத்துக்காதம்மா, சாமி படமெல்லாம் அடுப்படியிலதான் இருக்கு. நாங்க சைவம். கராஜ்ல டேபிள் போட்டிருக்கு, அங்க வச்சுச் சாப்பிடேன்" என்றேன். "ஓம் அன்ரி, பரவாயில்லை" என்று போனாள். காருக்கும் துணி துவைக்கும் மெஷினுக்கும் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஆறிப்போன குழம்பை ஆறினபடியே சாப்பிட்டாள். நீ அடுப்படியில் நின்று நான் போட்ட காபியைக் குடித்துக்கொண்டிருந்தாய். என்னை ஒரு பார்வை பார்த்தாய், அப்புறம் டம்ளரைப் பார்த்தாய். அம்மா பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசக்கூடாது என்று உன்னை அடித்து வளர்த்தது நான்தான், அதனால் அந்தப் பழியிலும் பாதி என்னுடையது. ஆனாலும் சொல்கிறேன், இனி எந்த இரண்டு பேருக்கு நடுவிலும் அப்படி டம்ளரைப் பார்த்துக்கொண்டு நிற்காதே.

உங்கள் கல்யாணத்துக்கு நான் தடை சொல்லவில்லை. ஊர் வேறு, மதம் வேறு, எதையும் கேட்காமல் சம்மதித்தேன் என்று கோயிலில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டேன். சர்ச்சுக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தேன். நான் கேட்டது ஒன்றே ஒன்று, அடுப்படிக்குள் மீனும் கறியும் வரக்கூடாது. இது ஒரு பெரிய விஷயமா என்று எல்லோரிடமும் கேட்டேன், எல்லோரும் இல்லை என்றார்கள். டிலானியிடம் கேட்கவில்லை. வாடகைக்கு வீடு கிடைக்கும்வரை என்று சொல்லி நம் வீட்டில் நீங்கள் இருந்த அந்த ஒன்றரை வருடமும் அவள் கராஜில் ஒரு ஹாட் பிளேட்டை வைத்துக்கொண்டு சமைத்தாள். குளிர்காலத்தில் கோட்டு போட்டுக்கொண்டு மீன் பொரித்தாள். சாப்பிட்டுவிட்டு எலுமிச்சம்பழம் தேய்த்துக் கைகழுவி, உடுப்பு மாற்றிக்கொண்டுதான் உள்ளே வருவாள். அப்படிச் செய் என்று நான் சொல்லவில்லை. சொல்லாமலே செய்கிறாள், தங்கமான பெண் என்று பாராட்டினேன். அவள் காலடியில் நெத்தலி உட்கார்ந்து முள் எடுத்த மீனுக்குக் காத்திருக்கும். இரண்டு பேரும் அங்கே என்னவோ கதைத்துக்கொண்டிருப்பார்கள். உள்ளேயிருந்து எனக்குச் சிரிப்புச் சத்தம் கேட்கும், என்ன சிரிப்பு என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

இதே வீட்டில் உன் அப்பா இருக்கிறார். விரி தொழிற்பேட்டையில் கிடங்கு வேலைக்குப் போன காலமெல்லாம் மத்தியானம் இறைச்சி அடைத்துச் சுட்ட 'பை' பலகாரம் வாங்கித் தின்றது எனக்குத் தெரியாது என்று சமீபகாலம்வரை நினைத்துக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் உதிர்ந்து கிடந்த தூளை உதறி உதறித்தான் நான் துணி துவைத்தேன். ஒரு வார்த்தை கேட்டதில்லை. வெளியே நடப்பது வெளியோடு என்று விட்டுவிட்டேன். ஒளித்துச் செய்கிறவருக்கு மன்னிப்பு, கேட்டுவிட்டுச் செய்ய வந்தவளுக்குக் கராஜ். இப்படித்தான் இருந்தது என் நியாயம்.

பெர்த்தில் உனக்கு வேலை கிடைத்தபோது பூனையை என்ன செய்வது என்று வந்தது. பூனைகளுக்குள் பரவும் ஒரு தொற்று அதற்கு இருந்தது, எதிர்ப்புச் சக்தி குறைவு, வயதும் ஆகிவிட்டது, விமானத்தில் கொண்டுபோக டிலானிக்குப் பயம். நான்தான் முந்திக்கொண்டு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். உங்களை அனுப்பிவிட்டு வெறும் வீட்டில் இருக்க எனக்குப் பயமாக இருந்தது, அது உண்மை. அவள் பூனைச் சாப்பாட்டு டின்களைக் கராஜில் அடுக்கிவிட்டு நிமிர்ந்தாள். "மாமி, அவளை வெளியால விடாதேங்கோ. இறைச்சி, மீன் இல்லாட்டி அவளுக்குச் சரிவராது. இந்த டின் முடிஞ்சா இதே டின்தான் வாங்கோணும்" என்றாள். "நான் புள்ள வளத்தவதானேம்மா, பூனைய வளக்கத் தெரியாதா?" என்றேன். வாய்க்கொழுப்பு.

அவள் வாங்கி வைத்துவிட்டுப் போனது தீரும்வரை கராஜில் கொண்டுபோய்ப் போட்டேன், மூக்கைப் பிடித்துக்கொண்டு. தீர்ந்ததும் வாங்கவில்லை. தயிர்சாதம் பிசைந்து வைத்தேன். முதலில் மோந்துவிட்டுப் போய்விட்டது. பசித்தால் தின்னும் என்று விட்டேன், தின்றது. வெளியே போகிற பூனையாக இருந்தாலாவது எதையாவது பிடித்துத் தின்றிருக்கும், இது வீட்டுக்குள்ளேயே கிடந்த பூனை. பாலும் பருப்புச்சாதமும் பன்னீரும் நெய்யும் கொடுத்தேன். குறை வைக்கவில்லை, அந்த வயிற்றெரிச்சலைத்தான் சொல்கிறேன். உனக்கு எப்படிப் பார்த்துப் பார்த்து ஊட்டினேனோ அப்படி ஊட்டினேன். எங்கள் வீட்டுப் பூனை சைவமாகிவிட்டது என்று கோயிலில் சொல்லிச் சிரித்தேன். உங்களிடம் மட்டும், நன்றாகச் சாப்பிடுகிறது என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். இரண்டு வருடம் அப்படிப் போயிற்று.

ஒரு நாள் காலையில் அது நாற்காலிக் காலில் போய் முட்டிக்கொண்டது. விளையாட்டு என்று நினைத்தேன். அப்பாதான் கையை அதன் முகத்துக்கு நேரே ஆட்டிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, இதுக்குக் கண்ணு தெரியல போலிருக்கே" என்றார். நல்ல வெளிச்சத்திலும் கருவிழி இரண்டும் அகல விரிந்தபடியே இருந்தன. தூங்கும்போது வயிறு வேகமாக ஏறி இறங்கியது. டாக்டர் சின்னப் பெண். கண்ணில் விளக்கடித்துப் பார்த்தாள், நெஞ்சில் குழாய் வைத்து வெகுநேரம் கேட்டாள், அப்புறம் என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்றாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகச் சொன்னேன், தயிர், சாதம், நெய். இன்னும் பெருமை குறையாமல்தான் சொன்னேன். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பேன். பூனைக்கு டாரின் என்று ஒரு சத்து வேண்டும், மனித உடம்பு அதைத் தானே செய்துகொள்ளும், பூனை உடம்பால் போதிய அளவு முடியாது, இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் அதற்குக் கிடைக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னாள். அது இல்லாமல் கண் போய்விட்டது, இதயமும் வீங்கித் தளர்ந்துவிட்டது. இதயத்தைக் கொஞ்சம் தேற்றலாம், கண் திரும்பி வராது. வயிறு நிறைய வைத்துக்கொண்டே பட்டினி கிடந்திருக்கிறது என்றாள். அப்பா கூடையைத் தூக்கிக்கொண்டார். காரில் வரும்போது வழி முழுக்க நான் அழுதேன். டிலானி எனக்குச் சொல்லிவிட்டுத்தானே போனாள், அதுவும் எவ்வளவு தெளிவாக.

அன்று சாயங்காலம் உங்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். நீ கத்தினாய், அது பரவாயில்லை. டிலானி, "இப்ப என்ன சாப்பிடுறாள்?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு அவள் பூனையைப் பற்றி அப்பாவுக்கு மட்டும்தான் செய்தி அனுப்புகிறாள். அவர் அதை எனக்கு வாசித்துக் காட்டுவார், "மாமி சுகமோ" என்ற வரி வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன். சில நாள் வரும்.

இனிமேல்தான் உனக்குத் தெரியாத கதை. அப்பா மால் சூப்பர்மார்க்கெட்டிலிருந்து மீனும் கோழியும் டாக்டர் சொன்ன டின்னும் வாங்கி வந்தார். டாரின் பொடியும் இதய மாத்திரையும் நீர் பிரிய ஒரு மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். பழைய வழக்கப்படி கராஜில் கொண்டுபோய் வைத்தேன். குளிர், மூச்சு வாங்கியது, கண் தெரியாது, பசியும் செத்துவிட்டது, சீண்டவில்லை. கதகதப்பான இடத்தில் வைத்து, சாப்பாட்டைச் சூடாக்கிக் கொடுங்கள், வாசனை வந்தால்தான் தின்னும் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து மைக்ரோவேவ் முன்னால் நின்றேன். பக்கத்து அலமாரியில் முருகன், பிள்ளையார், என் அம்மா கொடுத்த விளக்கு. உள்ளே வைத்துப் பொத்தானை அமுக்கிவிட்டேன். யோசிக்கவே இல்லை, பூனை தின்ன வேண்டும், அவ்வளவுதான். மீன் வாசனை வீடு முழுக்கப் பரவியது. நெத்தலி சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்து வந்து என் காலில் உரசியது. அப்போதுதான் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அதே இடத்தில் நின்ற பெண் ஞாபகத்துக்கு வந்தாள். ஒருக்காச் சூடாக்கலாமோ என்றுதானே கேட்டாள்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவு வருடமாக இது முடியாத காரியம் என்று நானும் நம்பி உங்களையும் நம்ப வைத்திருந்தேன். ஒரு பொத்தானை அமுக்குவதுதான் அது. சாமி யாரும் கோபித்துக்கொண்டு அலமாரியை விட்டு இறங்கிப் போகவில்லை. பூனைக்கு வாய் கிடையாது என்று இரங்கினேன். டிலானிக்கு வாய் இருந்தது, அந்த வாயால் அவள் பரவாயில்லை என்று சொன்னாள், அதை நம்பிக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. நான் இன்னும் சைவம்தான், சாகும்வரை சைவம்தான், அது என் வயிற்றைப் பற்றிய சமாசாரம். அதை அவள் உட்காரும் இடத்தைப் பற்றிய சமாசாரமாக ஆக்கினேன். நீயும் நாளைக்குப் பிள்ளை குட்டி என்று ஆவாய், உனக்கும் ஏதாவது பிடிவாதம் இருக்கும், இருக்கட்டும், யாரை அது வெளியே உட்கார வைக்கிறது என்று மட்டும் அப்பப்போ எட்டிப் பார்த்துக்கொள்.

இப்போது தினமும் என் அடுப்பில்தான் அதற்குச் சமைக்கிறேன். கோழியை வேகவைத்து, கையால் பிய்த்து, மாத்திரையைப் பொடித்துக் கலந்து, வெந்நீர் விட்டுக் குழைத்துக் கொடுக்கிறேன். தொடுவதற்கு முன்னால் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் திடுக்கிட்டுப் போகிறது. நாற்காலி, மேஜை எதையும் நகர்த்துவதில்லை. உன் அப்பா செருப்பை வழியில் போட்டால் தொலைந்தார். முதல் நாள் நான் மீனில் முள் எடுப்பதை அவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அப்ப எனக்கும் ஒரு துண்டு…" என்று இழுத்தார். உங்களுக்கு விரியில்தான் இறைச்சி 'பை' கிடைக்குமே என்றேன். மனிதர் அப்படியே திரும்பி டிவி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

கொஞ்ச மாதம் தேறியது. இப்போது மறுபடியும் மூச்சு கனக்கிறது. காரில் வைத்தால் இன்னும் மோசமாகிறது, போன தடவை டாக்டரிடம் போவதற்குள் வாயைத் திறந்து மூச்சுவிட்டது. பூனையைச் சாக்கு வைத்து உங்களை வீட்டுக்கு இழுக்கிறேன் என்று நீ நினைப்பாய். நான் செய்யக்கூடியவள்தான். அதனால் நீ அப்பாவையே கேட்டுக்கொள், அவர் பொய் சொல்லத் தெரியாதவர், பை விஷயம் தவிர.

ஒன்று மட்டும் டிலானியிடம் சொல்ல வேண்டும். சாயங்காலம் ஆனால் நெத்தலி கராஜ் கதவுக்குப் போய்க் கத்துகிறது. சாப்பாட்டுக்காக இல்லை, சாப்பாடு உள்ளேயே கிடைக்கிறது என்று அதற்குத் தெரியும். கதவைத் திறந்தால் தட்டுத் தடுமாறாமல் படி இறங்கி, மெஷினைச் சுற்றிக்கொண்டு போய், அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிக்குக் கீழே படுத்துக்கொள்கிறது. கண் தெரிந்தபோது போன வழி அது. குளிர் ஆகாது என்று நான் தூக்கிவந்தால் மறுபடியும் போகிறது. அதனால் இப்போதெல்லாம் நானும் ஒரு கம்பளியை எடுத்துக்கொண்டு போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அதை மடியில் வைத்துக்கொள்கிறேன். கதவுக்கு அடியிலிருந்து காற்று நேரே காலுக்கு வருகிறது. இரண்டு காலுறை போட்டும் பாதம் மரத்துப்போகிறது. உள்ளே நாம் பேசுவது, டிவி சத்தம், தட்டு கழுவுகிற சத்தம் எல்லாம் அங்கே நன்றாகக் கேட்கும் போலிருக்கிறது. அப்பா அடுப்படியில் இருமியது பக்கத்தில் இருமியது போலக் கேட்டது. எனக்கு இதெல்லாம் தெரியாது தம்பி. இத்தனை வருடத்தில் நான் அங்கே ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை.

அந்த ஹாட் பிளேட்டை எடுத்து எறிந்துவிட்டேன். அவள் வந்தால் முன்வாசல் வழியாக வரட்டும், என் அடுப்பில் அவளுக்கு வேண்டியதைச் சமைக்கட்டும், சமைக்க அலுப்பாக இருந்தால் நான் மீன் கழுவித் தருகிறேன், இப்போது எனக்கு முள்கூட எடுக்கத் தெரியும். மன்னிப்பை நான் அவளிடம் நேரில் கேட்டுக்கொள்கிறேன், அதை நீ எனக்காகக் கேட்டு வைக்காதே. அவளை வற்புறுத்தவும் செய்யாதே. அவள் பரவாயில்லை என்று சொன்னால் அதோடு விட்டுவிடாமல் இன்னொரு தடவை கேள்.

வர மனமில்லை என்றால் அதுவும் நியாயம்தான். அப்பா மெதுவாக ஓட்டுவார், நான் நெத்தலியை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சைப் பார்த்துக்கொண்டே, நின்று நின்று ஒடாஹுஹுவுக்குக் கொண்டுவருகிறேன். அவளிடம் கையில் கொடுத்துவிட்டு நான் காரிலேயே இருந்துகொள்கிறேன். எவ்வளவு நேரமானாலும் இருப்பேன். கூடையைக் கழுவிக் காயவைத்துவிட்டேன். இங்கேயா அங்கேயா, எந்த வீடு என்று மட்டும் அவளிடம் கேட்டுச் சொல்.

அம்மா